நன்றியில் தொடங்கும் கடிதங்கள்

கடை,
மார்ச் 4

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நான் சுகம். நீயும் வாலுவும் சுகம் என்று வாலு எழுதிய கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். உன் கடிதத்திலும் அதுவேதான் இருந்தது.

முதலில் ஒரு சேதி. மாடியில் குடியிருந்த மருந்துக்கடைக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். வாலு இங்கிலீஷில் எழுதுவதை இத்தனை காலம் அவர்தான் எனக்குப் படித்துச் சொன்னார். நல்ல மனுஷன். ஆனாலும் எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது. வருகிற நோயாளிக்கெல்லாம் "சரியாயிடும், சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய் அது. காகிதத்தில் நாலு வரி இருக்கும், அவர் பத்து வரி சொல்வார். "பாட்டின்னா பிள்ளைக்கு உசிரும்மா" என்பார். அது எந்த வரி என்று கேட்டால் விரலை எங்கேயோ வைப்பார்.

இனி நானே படித்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டேன். நூலகத்தின் பின்னறையில் சாயங்காலம் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. சேர்ந்துவிட்டேன். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றாள் டீச்சர். "அஞ்சாவது" என்றேன். பேனாவை வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். "அஞ்சாவதுல முதல் மார்க்" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினாளா என்று தெரியவில்லை.

இப்போது எனக்குச் சில கேள்விகள். டீச்சரிடம் கேட்டால் மற்றவர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

நம் எழுத்தில் எல்லாரும் ஒரே உயரம். இவர்களுக்குப் பெரிய எழுத்து என்றும் சின்ன எழுத்து என்றும் இரண்டு ஜாதி இருக்கிறது. பேருக்கெல்லாம் பெரிய எழுத்து, சரி. திங்கட்கிழமைக்குப் பெரிய எழுத்து. மார்ச்சுக்குப் பெரிய எழுத்து. ஆனால் கோடைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் சின்ன எழுத்து. திங்கட்கிழமை பண்ணின புண்ணியம் என்ன? அப்புறம், வாலு கடிதத்தின் தலைப்பில் பாட்டி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். உள்ளே "என் பாட்டி" என்று வருகிற இடத்தில் சின்ன எழுத்து. ஒரே ஆள் எப்படி மேலே பெரிசாகவும் கீழே சின்னதாகவும் ஆனேன்?

இன்னொன்று. கடைக்குப் புதிதாக வாங்கிய தையல் மெஷின் தடிமனான திரைச்சீலையைக் கண்டாலே நின்றுவிடுகிறது. மோட்டார் சரியில்லை. கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பானாம், கட்டிங் மாஸ்டர் சொல்கிறார். நீ புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற உத்தியோகத்தில்தானே இருக்கிறாய், எப்படி எழுதுவது என்று சொல்.

போனில் கேட்கலாமே என்று எழுதாதே. என் பிள்ளை போய்விட்டான் என்ற சேதியைச் சொன்ன கருவியை நான் இனி காதில் வைக்கமாட்டேன். உனக்கே தெரியும்.

வாலுவுக்குத் தனியாக நாலு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவள் கையில் கொடு.

அத்தை


அலுவலகம், மதிய இடைவேளை
மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் வகுப்பில் சேர்ந்ததாகப் படித்ததும் ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும்தான். ஆனால் கடையையும் பார்த்துக்கொண்டு சாயங்காலம் அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா? வாலுவின் கடிதங்களை இனி நானே தமிழில் எழுதி அனுப்பிவிடுகிறேனே. உங்களுக்கும் சிரமம் குறையும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிழமைக்கும் மாதத்துக்கும் அவர்கள் பேர் வைத்ததாகக் கணக்கு. பருவங்களுக்கு அந்த யோகம் இல்லை. உறவுமுறையும் அப்படித்தான். அதையே பேராகச் சொல்லிக் கூப்பிட்டால் பெரிய எழுத்து. 'என்', 'உன்', 'அவளுடைய' என்று முன்னால் ஒன்று ஒட்டிக்கொண்டால் அது வெறும் உறவு, சின்ன எழுத்து போதும். நீங்கள் மாறவில்லை அத்தை, கூப்பிடுகிற விதம்தான் மாறுகிறது.

மெஷின் கம்பெனிக்கு எழுத எங்கள் அலுவலக வழியையே சொல்கிறேன். எங்கள் கம்பெனியின் பயணப் பெட்டிகளை வாங்கினவர்கள், சக்கரம் கழன்றது, கைப்பிடி உடைந்தது என்று நாளெல்லாம் கோபமாக எழுதுகிறார்கள். நான் பதில் எழுதுகிறேன். முதலில் நன்றி. 'நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி.' அடுத்து, அவர்கள் கடிதத்திலிருந்து ஏதாவது சின்ன விஷயம் ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். 'உங்கள் பயணத்தில் மழை வேறு பெய்தது என்று அறிந்தேன்' என்கிற மாதிரி. முழுக்கப் படித்திருக்கிறாள் என்று ஒரு நம்பிக்கை வரும். மூன்றாவதுதான் வருத்தம். முடியாது என்பதை அங்கேதான் சொல்வோம், நடுவில், மெத்தை வைத்து. கடைசியில் ஒரு கேள்வி. கேள்வி கேட்டால் மனிதர்கள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், கோபம் பின்னால் போய்விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த மேலாளர், 'நன்றியில் தொடங்கினவர் தோற்றதே இல்லை' என்பார்.

ஒன்று கேட்கட்டுமா? திடீரென்று இங்கிலீஷ் எதற்கு? யாராவது ஏதாவது சொன்னார்களா?

வாலுவின் கடிதம் இதோடு இருக்கிறது.

உங்கள் மருமகள்


கடை,
ஏப்ரல் 2

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

உன் மேலாளரை நான் பார்க்க வேண்டும். அவர் சொன்னபடியே எழுதினேன். நன்றி சொன்னேன். அவர்கள் விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணை ஒரு வரி பாராட்டினேன். மோட்டாரைப் பற்றி நடுவில் மெத்தை வைத்துச் சொன்னேன். கடைசியில் கேள்வி வேண்டுமே என்று, இந்த மெஷின் நீல நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டேன். பதில் வந்துவிட்டது. பக்கம் பூரா நீல நிறம்தான். படம் போட்ட புத்தகம் வேறு அனுப்பியிருக்கிறான். மோட்டாரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மறுபடி எழுதினேன், தமிழிலேயே திட்டி. ஆள் வந்தான்.

வகுப்பில் ஒரு கூத்து. டீச்சர் என்னைப் பார்த்து, 'வுட் யூ மைண்ட்' என்று தொடங்கி, ஜன்னலைச் சாத்த முடியுமா என்கிறாள். பெரியவளைக் கேட்கிறாளே, மரியாதையாக இருப்போம் என்று "எஸ்" சொல்லிவிட்டு எழுந்து சாத்தினேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். எஸ் என்றால் 'சாத்தமாட்டேன் போ' என்று அர்த்தமாம். சாத்துகிறவள் 'நோ' சொல்லிவிட்டுச் சாத்த வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்கிற டாக்ஸி டிரைவர், "அம்மா, நாமளா இருந்தா 'ங்க' ஒண்ணு போட்டு முடிச்சிருப்போம்" என்றார். உண்மைதானே. இவர்கள் மரியாதைக்கு இவ்வளவு சுற்று சுற்றுகிறார்கள் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கட்டிங் மாஸ்டருக்கும் ஒரு பாடம் நடத்தினேன். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவதால் அவருக்குப் பெரிய எழுத்துதான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனுஷர் டீக்கு மட்டும்தான் எழுந்து போகிறார், நூல்கண்டு எடுக்க என்னை அனுப்புகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாலுவின் கடிதத்தை இந்த முறை நானே படித்தேன். விரல் வைத்துப் படித்தேன், அகராதி வைத்துப் படித்தேன். முடிக்க மூன்று சாயங்காலம் ஆனது. 'உங்கள் அன்பான கடிதத்துக்கு மிக்க நன்றி' என்கிறாள். 'குளிர்காலத்தில் உங்கள் முழங்கால் வலி கூடுகிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்' என்கிறாள். ஏன் 'யோசித்துக்கொண்டிருந்தேன்'? நேற்று யோசித்தாள், இன்று யோசிக்கவில்லையா? அதுவும் மரியாதைதான் என்று டீச்சர் சொல்கிறாள். நேராகக் கேட்டால் உறுத்துமாம், அதனால் நேற்றைக்குத் தள்ளி வைத்துக் கேட்பார்களாம்.

சரி, இவ்வளவு மரியாதையை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கடைசியாக இங்கே வந்தபோது என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "பாட்டி, உங்க மூக்கு ஏன் இவ்ளோ பெருசா இருக்கு, உள்ளே என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்ட பிள்ளை அது. பதினொரு வயதில் இப்படியா ஆகிவிடும்?

கடிதம் ஏன் எப்போதும் டைப் அடித்தே வருகிறது? அவள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். அவள் அப்பனைப் போல எழுத்து இடது பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கடிதம் கையால் வரட்டும்.

அத்தை


அலுவலகம்,
ஏப்ரல் 16

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்கு மிக்க நன்றி. கட்டிங் மாஸ்டர் கதையைப் படித்து நன்றாகச் சிரித்தேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கையெழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாமே கம்ப்யூட்டரில்தான். அவளுக்குக் கையால் எழுதும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. தேர்வும் நெருங்குகிறது, அதனால் இந்த முறை கடிதம் எழுத முடியவில்லை. வருத்தப்படாதீர்கள். மரியாதையான இங்கிலீஷும் பள்ளியில் பழக்குவதுதான்.

திரைச்சீலைக் கடைக்கு இப்போது எந்த நிறத்துக்குக் கிராக்கி அதிகம்?

உங்கள் மருமகள்


கடை,
ஏப்ரல் 30

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நன்றியில் தொடங்கினாய். மாஸ்டர் கதையை எடுத்துச் சொன்னாய். வருத்தத்தை நடுவில் வைத்தாய். கடைசியில் என்ன நிறம் என்று ஒரு கேள்வி கேட்டாய். நான் என்ன, கைப்பிடி உடைந்த பெட்டியோடு உன் வாசலில் வந்து நிற்கிறவளா?

கேட்டுக்கொள். உன் கடிதம் வந்த அன்றைக்கே வாலுவின் கடிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். மதியம் வெட்டுகிற மேசை காலியாக இருந்தது. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பினேன். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் டீ குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. "என்னம்மா இது, எல்லாம் ஒரே பேட்டர்ன் வச்சு வெட்டின மாதிரி இருக்கு?" என்றார். "என்ன உளர்றீங்க?" என்றேன். "பாருங்க, மேலே சின்னத் துண்டு. அடுத்து கொஞ்சம் பெருசு. அப்புறம் நீளத் துண்டு. கீழே ஒரு பட்டி, அதுக்கு முடிவுல கொக்கி" என்றார். கொக்கி என்று அவர் சொன்னது கேள்விக்குறி.

எல்லாக் கடிதமும் அப்படித்தான் இருந்தது. எல்லாம்.

அவள் ஏதோ எழுதுகிறாள், நீ அதை எடுத்து உன் உத்தியோகக் கத்தரியால் வெட்டித் தைத்து அனுப்புகிறாய். எனக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாய். எதை வெட்டுகிறாய்? பிள்ளை எழுதுவதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். வீட்டுக்கு யாரோ வருகிறார். பிள்ளை அவரைப் பற்றி எழுதுகிறாள், நீ அந்த வரிகளை எடுத்துவிடுகிறாய். நாளைக்கு அவரோடு இன்னும் தூரமாக எங்கேயோ போய்விடுவாய், வாலுவுக்கு என் முகமே மறந்துபோகும்.

உனக்கு வயது இருக்கிறது. வாழாதே என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் என் பேத்தியை என்னிடமிருந்து வெட்டி எடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? என் பிள்ளைக்கென்று எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

இனி உன் வழியாக வேண்டாம். அவள் பள்ளிக்கூடத்தின் விலாசம் பழைய போட்டோவின் பின்னால் அச்சடித்திருக்கிறது. இங்கிலீஷிலேயே அவளுக்கு நேராக எழுதி அங்கே அனுப்பப் போகிறேன். உன்னுடைய அம்மா உன் கடிதத்தை மாற்றுகிறாளா என்று கேட்கப் போகிறேன். அதை மரியாதையாகக் கேட்பது எப்படி என்று டீச்சரிடம் கேட்டுவிட்டேன்.

அத்தை


வீடு,
மே 11

அத்தை,

பள்ளிக்கூடத்துக்கு எழுதாதீர்கள். இதற்கு முன்னால் நன்றி எதுவும் வைக்கவில்லை, பாருங்கள். எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

நான் எதையும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு அவள் ஒன்றும் எழுதவே இல்லை. இரண்டு வருஷமாக உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை.

வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்த நாட்கள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாரும் இல்லை. நானும் அவளும்தான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைச் சமையலறை மேசையருகே உட்கார வைத்து, நீங்கள் அவளுக்கு எழுதிய நாலு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். 'உன் அப்பா மாதிரி தூக்கத்தில் சிரிக்கிறாயா? உன் அப்பா மாதிரி கணக்குப் பாடம் வருகிறதா? அப்பாவின் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பாட்டி பார்க்க வேண்டும்.' மூன்றாவது பக்கம் வரும்போது எழுந்துவிட்டாள். "இது எனக்கு எழுதினது இல்லம்மா. பாட்டி அப்பாவுக்குத்தான் எழுதறாங்க. அட்ரஸ்தான் என்னுது" என்றாள்.

நான் திட்டினேன். 'பெரியவங்களைப் பத்தி அப்படிப் பேசுவியா' என்றேன். அன்றைக்கு அவள் அழவில்லை. அடுத்த கடிதம் வந்தபோது உறையைப் பார்த்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று, "ரெண்டே வரி எழுதுடா கண்ணு" என்று கெஞ்சினேன். "எனக்கு அப்பா மாதிரி இருக்கப் பயமா இருக்கும்மா. அப்பா செத்துப் போயிட்டாரு" என்று உள்ளேயிருந்து சொன்னாள். அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பேன்?

உங்களுக்கு இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளையை இழந்தவரிடம் பேத்தியும் எழுத மாட்டேன் என்கிறாள் என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு தடவை என்று நினைத்து நான் எழுதினேன். அலுவலகத்தில் உட்கார்ந்து டைப் அடித்தேன். எனக்குப் பயம் வந்தால் கை தானாக நன்றியில் தொடங்கிவிடும், வேறு மாதிரி எழுத வரவில்லை. நீங்கள் அதற்கு நாலு பக்கம் பதில் எழுதினீர்கள். நான் அதை பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இந்த இங்கிலீஷ் கேள்விகள் வரும்வரை எனக்கு நீங்கள் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை, அத்தை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து. நான் குறையாகச் சொல்லவில்லை. இருக்கிற விஷயத்தைச் சொல்கிறேன்.

மருமகள்


வீடு,
ஜூன் 3

அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று சில நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வாலுவிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த பிறகு அவளுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. கோபம் என்றால் அப்படிக் கோபம். "என் பேர்லயா? என்னைக் கேக்காமலா? நான் பாட்டிகிட்ட என்னென்ன சொன்னேன்?" என்று கத்தினாள். போன வாரம் என் அறைக்கு வந்து நின்றாள். "அப்போ பாட்டி என்கிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். உங்கள் கடிதக் கட்டைக் கொடுத்தேன். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இன்னும் திருப்பித் தரவில்லை. என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்கும் இப்போது உரிமை இல்லை.

இந்த வாரம் நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

நீங்கள் இனி எழுதவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், அதையாவது ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மருமகள்


கடை,
ஜூன் 15

அம்மாடி,

கோபம் இன்னும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

நீ எழுதியதைப் படித்த அன்று மாஸ்டரோடு சண்டை போட்டேன், வாங்க வந்தவரோடு சண்டை போட்டேன், ஒரு கல்யாண மண்டபத்துக்கான திரைச்சீலை முழுவதையும் தலைகீழாகத் தைத்துவைத்தேன். மாஸ்டர் அத்தனையும் பிரித்துத் தைத்தார். "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாம்மா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

முதலில் உன்னை நம்பவில்லை. 'இதுவும் இட்டுக்கட்டினதுதான், பிள்ளை எழுதுகிறாள், இவள்தான் தடுக்கிறாள், மாட்டிக்கொண்டதும் பழியைத் தூக்கி என் தலையில் போடுகிறாள்' என்று நினைத்தேன். அதனால் பள்ளிக்கூடத்துக்கு எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதிக்கொண்டு பிறகு இங்கிலீஷாக்கலாம் என்று திட்டம். எழுதிப் படித்துப் பார்த்தால் மூன்றாவது வரியிலேயே என் பிள்ளை வந்து நிற்கிறான். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஐந்தாவது வரியில் வந்தான். அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பிள்ளைக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும், யாரோடு விளையாடுவாள், எதற்குப் பயப்படுவாள், ஒன்றும் தெரியாது. தெரிந்தது எல்லாம் நீ டைப் அடித்தது.

கடிதத்தை அனுப்பவில்லை. அவள் குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றி நீ எழுதியதை மறுபடி படித்தேன். அதை யாராலும் இட்டுக்கட்ட முடியாது.

அடுத்தபடி உன்மேல் வேறு கோபம் வந்தது. வாலு கேட்கிறாள் என்று நினைத்து நான் என்னென்ன சொல்லித் தொலைத்திருக்கிறேன்! ராத்திரி சாப்பிடும்போது யாரோ பேசுகிற சத்தம் வேண்டும் என்று ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன் என்று அவளிடம் சொன்னேன். கடைசியாக வந்தபோது அவன் படுத்த படுக்கையைச் சுருட்டி வைக்கக் கை வராமல் இன்னும் விரித்தே வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். உன்னிடம் சொல்லியிருப்பேனா? செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். என்னிடமிருந்து திருடிக்கொண்டாய்.

அந்தக் கோபத்தோடுதான் எல்லாக் கடிதத்தையும் மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை அகராதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 'தனியாகச் சாப்பிடும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று ஒரு கேள்வி. 'காலையில் கண் விழித்ததும் முதலில் எது ஞாபகம் வருகிறது' என்று ஒரு கேள்வி. பதினொரு வயசுப் பிள்ளை எந்த ஊரில் இதைக் கேட்கும்? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தனியாகச் சாப்பிடுகிறவள்தான் தனியாகச் சாப்பிடுகிறவளை இப்படிக் கேட்பாள்.

நீ இரண்டு வரிக் கணக்குச் சொன்னாய். அதற்கு நான் பதில் எழுத உட்கார்ந்தால் நன்றாக வராது. நானும் அந்த மெத்தை வைக்கிற வேலையைச் செய்துவிடுவேன். அதனால் இந்தக் கடிதம் எத்தனை பக்கம் என்று நீயே பார்த்துக்கொள்.

வாலுவுக்கு இப்போது எழுதப் போவதில்லை. அவள் கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கொடுக்கட்டும். "நீ ஒண்ணும் எழுத வேணாம், பாட்டி கோபமா இல்ல" என்று மட்டும் சொல். அவளிடம் சொல்லும்போது 'உன் அப்பா' என்ற பேச்சை எடுக்காதே. நானும் எடுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தக் கோடு போட்ட சட்டை அவளுக்குப் பயமாக இருந்தால் எடுத்து உள்ளே வை. தூக்கி மட்டும் போடாதே.

என் பேத்தி பேரில் இனி ஒரு எழுத்து வரக்கூடாது. எழுதுகிறதை உன் பேரில் எழுது. உன் உத்தியோகத்தில் யார் உன்னைத் திட்டினார்கள் என்று எழுது. நீ அவர்களுக்கு நன்றி சொல்லித் தொலை, இங்கே நான் உனக்காக அவர்களைத் திட்டிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. 'இந்த வாரம் நான் வேலைக்குப் போகவில்லை' என்பதற்கு முன்னால் நீ ஒரு வார்த்தையை எழுதி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறாய். காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தேன், தெரியவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். 'இருமல்' என்று இருக்கிறது. அதற்கு மேல் 'வேறொன்றும் இல்லை' என்று வேறு எழுதியிருக்கிறாய். வேறொன்றும் இல்லாதவள் எதற்கு அடிக்கிறாய்? எத்தனை நாளாக இருமல்? சளி வருகிறதா? மூச்சு வாங்குகிறதா? டாக்டரிடம் போனாயா, இல்லை, போனேன் என்று என்னிடம் எழுதிவிடலாம் என்று இருக்கிறாயா? உன் வார்த்தையை நான் நம்ப மாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை உள்ளே வைத்து அனுப்பு. இங்கிலீஷில் இருந்தால் இருக்கட்டும், நான் படித்துக்கொள்வேன்.

அத்தை